அலுமினியம் கட்டரில் ஒட்டிக்கொள்வது ஏன்?

நாகர்கோவில் கோணம் பகுதியில் நான் நடத்தும் சிறிய பட்டறையில், ஐ.டி.ஐ. முடித்து வந்த தம்பி ஒருவர், அலுமினியத் தகட்டில் ஸ்லாட் எனும் நீள்பள்ளம் எடுக்கும்போது 10 மி.மீ. எண்ட் மில்லை (சுழன்று வெட்டும் கட்டரை) ஒடித்துவிட்டார். எடுத்துப் பார்த்தால், இரும்பு வேலையில் மிஞ்சிய நான்கு ஃபுளூட் (சீவல் வெளியேறும் காடி) கட்டர். நான்கு காடிகளிலும் அலுமினியம் வார்த்து ஊற்றியதுபோல் இறுகியிருந்தது. "ஸ்பீடு கூடிப்போச்சு அண்ணே" என்றார். உண்மையில் கூடியது எதுவுமில்லை. பயந்துபோய் ஃபீடை, அதாவது கட்டர் முன்னேறும் வேகத்தைக் குறைத்திருந்தார்.

அலுமினியம் மென்மையானது, சூடேறினால் கட்டரின் வெட்டுமுனையில் அப்பிக்கொள்ளும் குணமுடையது. ஆகவே சீவல் தடையின்றி வெளியேற அகன்ற காடி வேண்டும். இரண்டு அல்லது மூன்று ஃபுளூட், 45 பாகை அளவு ஹீலிக்ஸ் (காடியின் முறுக்குச் சாய்வு), பளபளப்பாக மெருகேற்றிய காடி ஆகியவை கொண்ட, பூச்சில்லாத கார்பைடு கட்டரையே நான் வாங்குகிறேன். இரும்புக்குரிய டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு இங்கே உதவாது; பூச்சிலுள்ள அலுமினியமே ஒட்டுதலுக்குத் துணைபோகும்.

கார்பைடு கட்டருக்கு நிமிடத்துக்கு 200 மீட்டருக்கு மேல் வெட்டுவேகம் (வெட்டுமுனை சுழன்று ஓடும் வேகம்) தாராளமாகத் தரலாம். ஆனால் நம் பக்கத்துப் பழைய வி.எம்.சி.க்களில் (கணினி வழி இயங்கும் மில்லிங் இயந்திரங்களில்) பல 6000 ஆர்.பி.எம்.மோடு நின்றுவிடுவதால், 10 மி.மீ. கட்டருக்கு ஏறத்தாழ 188 மீட்டரும், 3 மி.மீ. கட்டருக்கு வெறும் 57 மீட்டரும்தான் கிடைக்கும். அதில் தவறில்லை; கிடைக்கும் சுற்றுக்கேற்ற ஃபீடைக் கொடுத்தால் போதும். கட்டரின் ஒரு பல் ஒரு சுற்றில் 0.05 மி.மீ. வெட்டுவதாகக் கொண்டால், இரண்டு ஃபுளூட் கட்டர் 6000 சுற்றில் நிமிடத்துக்கு 600 மி.மீ. நகர வேண்டும். அதையே 100 ஆக்கினால் பல்லுக்கு 0.008 மி.மீ.தான் வரும், அவ்வளவு மெல்லியதைப் பல் வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடு, சூட்டில் ஒட்டல். கூலண்டோ காற்றோ சீவலைப் பள்ளத்திலிருந்து வெளியேற்றாவிட்டால், வெட்டிய சீவலையே கட்டர் மறுபடி மறுபடி வெட்டிக்கொண்டிருக்கும்.

ஹீலிக்ஸ் கூடுதலான கட்டர் தன்னைத்தானே கீழ்நோக்கி இழுக்கும் என்பதால், தேய்ந்த கோலெட்டில் (கட்டரைப் பிடிக்கும் கவ்வியில்) அதைப் பிடிக்காதீர்கள். கட்டர் இறங்கிப் பள்ளம் ஆழமாகிவிடும்.

ஒட்டிய அலுமினியத்தைக் கத்தியால் நோண்டினால் வெட்டுமுனை சிதறும். காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால் அந்த அலுமினியம் கரைந்துவிடும். அப்போது ஹைட்ரஜன் வெளியாவதால், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, வெல்டிங் நடக்காத திறந்த இடத்தில் செய்யுங்கள்.