பாறை ஏறும் கிராலர்: எந்த மோட்டார், எத்தனை பல்?

கிராலர் (பாறையில் மெதுவாக ஏறும் ரிமோட் வண்டி) வாங்கியவர் முதலில் கேட்பது, "எத்தனை டர்ன் மோட்டார் போடலாம்?" என்பதுதான். (டர்ன் என்பது மோட்டாருக்குள் கம்பி சுற்றியிருக்கும் எண்ணிக்கை.) அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்ட ஓரங்களில் கிடக்கும் பாறைகளில் 1/10 அளவு ரிமோட் வண்டியை ஏற்றுவதற்கு, சக்கரம் எவ்வளவு மெதுவாகச் சுற்றவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கியர் வரும். மோட்டார் அதற்கும் பிறகு.

சேர்வராயன் மலைப் பாறை பெரும்பாலும் சார்னோகைட். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை என்பதால் அந்தப் பெயர்.) காய்ந்திருக்கும்போது மென்மையான ரப்பரை இது விடாமல் பிடிக்கும். சேற்றில் சக்கரம் சும்மா சுற்றி மோட்டாரைக் காப்பாற்றிவிடும். இங்கே அது நடக்காது, வண்டி திணறி நிற்கும். பிடிப்புள்ள பாறைதான் மோட்டாருக்கு எமன்.

இப்போது கணக்கு. டயரின் வெளி விட்டம் 120 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி 377 மி.மீ. நகரும். கிராலரை ஓட்டுகிறவர் பக்கத்திலேயே நடப்பதால், மணிக்கு 5 கி.மீ. உச்ச வேகம் தாராளம். அதற்குச் சக்கரம் நிமிடத்துக்கு 221 சுற்று சுற்றவேண்டும். 2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம்) பேட்டரியின் 7.4 வோல்ட்டில் 1,200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1,200 சுற்று) மோட்டார் சுமையில்லாமல் 8,880 சுற்று சுற்றும். 8,880ஐ 221ஆல் வகுத்தால் ஏறக்குறைய 40. வேண்டிய மொத்த விகிதம் 40:1.

இந்த 40 மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கும்: மோட்டார் ஷாஃப்ட்டிலுள்ள சின்னப் பினியனும் அது சுழற்றும் பெரிய ஸ்பர் கியரும் சேர்வது, கியர்பாக்ஸ், ஆக்சில். ஸ்பர் 56 பல், பினியன் 14 பல் என்றால் 4. கியர்பாக்ஸ் 2.6, ஆக்சில் 2.92 என்றால் மூன்றையும் பெருக்க 30.4 வரும். போதாது. பினியனை 11 பல் ஆக்கினால் 38.6, 10 பல் ஆக்கினால் 42.5. பினியனில் ஒரு பல் குறைத்தாலே ஏறக்குறைய 8 முதல் 10 சதவீதம் மாறிவிடுகிறது. ஆகவே முதலில் கைவைக்கவேண்டியது மலிவான அந்தச் சின்னப் பினியனில்தான். போர்ட்டல் ஆக்சில் வண்டியாக இருந்தால் சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கியர் ஜோடி இருக்கும். அதையும் பெருக்கிக்கொள்ள மறக்கக்கூடாது.

விகிதம் குறைந்தால் என்ன கெடும்? 3 கிலோ வண்டி 45 டிகிரி சரிவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஏற்ற சுமார் 21 நியூட்டன் விசை வேண்டும். 60 மி.மீ. ஆரத்தில் அது 1.25 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. 40:1 விகிதத்தில், பற்களின் உராய்வில் 30 சதவீதம் போனாலும், மோட்டார் தரவேண்டியது 0.045தான். 9.55ஐ கேவியால் வகுத்தால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு விசை தெரியும். 1,200 கேவிக்கு 0.008. ஆக, மோட்டார் 5.6 ஆம்பியர் இழுக்கும். அதே வண்டியில் விகிதம் 20:1 என்றால் 11.2 ஆம்பியர். கம்பிச் சுருளின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு.

"டர்ன் கூடினால் டார்க் கூடும்" என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மை. ஒரே அளவு 540 டப்பாவில் (540 என்பது மோட்டார் கூட்டின் அளவு) 35 டர்ன் சுற்றினாலும் 55 டர்ன் சுற்றினாலும் உள்ளே போகும் செம்பு ஏறக்குறைய ஒன்றே. டர்ன் கூடும்போது கம்பி மெலிந்து மின்தடை ஏறும். ஆம்பியருக்கு இவ்வளவு என்று பார்த்தால் 55 டர்ன் ஜெயிக்கும். இவ்வளவு சூட்டுக்கு இவ்வளவு என்று பார்த்தால் இரண்டும் சமம். டர்னை மாற்றுவது வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் இடையே செய்கிற பண்டமாற்று, அவ்வளவுதான். அதனால் பேட்டரியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: 2எஸ் என்றால் 35 டர்ன், 3எஸ் என்றால் 45 அல்லது 55. நிஜமாகவே கூடுதல் விசை வேண்டுமானால் நீளமான 550 டப்பா, அல்லது இன்னும் இறக்கிய கியர்.

பிரஷ் மோட்டார் எரிவது பெரும்பாலும் வேகமாக ஓடும்போது அல்ல, நிற்கும்போது. முன்சக்கரம் பாறை இடுக்கில் மாட்டியிருக்க, விடாமல் திராட்டில் அழுத்தினால், கம்யூட்டேட்டரில் (சுழலும் சுருளுக்கு மின்சாரம் வாங்கித்தரும் செம்புப் பட்டைகள்) பிரஷ் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரே இடத்தின் வழியாக முழு மின்னோட்டமும் பாய்ந்து செம்புப் பட்டை கருகும். இரண்டு வினாடிக்குள் நகரவில்லையா, திராட்டிலை விட்டுப் பின்னே எடுங்கள். டப்பாவின் சூடு 80 டிகிரியைத் தொட்டால் வண்டியை நிறுத்தி, பினியனில் ஒரு பல் குறையுங்கள்.

பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் போடுவதென்றால் சென்சார் உள்ளது வேண்டும். சென்சார் இல்லாததில், ரோட்டர் (மோட்டாரின் சுழலும் பகுதி) சுற்றும்போது எழும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கிறது. நிற்கும் ரோட்டரில் அது பூஜ்யம். ஈஎஸ்சி குத்துமதிப்பாகத் தள்ளிப் பார்க்க, வண்டி உதறும். பாறை விளிம்பில் அந்த ஓர் உதறல் போதும், கவிழ்ந்துவிடும்.

ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள் மலைப்பாதை லாரிக்காரர்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் பிரேக் செய்யும் வேலையை இங்கே டிராக் பிரேக் செய்கிறது. திராட்டிலை விட்டதும் ஈஎஸ்சி மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்துவிட, மோட்டார் ஜெனரேட்டராகித் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளும். ஆனால் முழுக்க நின்ற மோட்டாரில் இந்தத் தடுப்பு இல்லை. அதனால்தான் 100 சதவீதம் வைத்தாலும் செங்குத்தில் வண்டி மெல்ல ஊர்கிறது. 40:1 வண்டியில் ஊர்வது குறைவு, 20:1 வண்டியில் கண்ணுக்குத் தெரியும்.

பினியன் மாட்டும்போது பல்லின் அளவு பொருந்துகிறதா பாருங்கள். 32 பிட்ச் ஸ்பரில் 48 பிட்ச் பினியன் ஒருநாளும் ஓடாது. இரண்டுக்கும் நடுவே நோட்டுத்தாள் கீற்று ஒன்றை விட்டு மோட்டாரை அழுத்தி முடுக்கி, தாளைச் சுழற்றி எடுங்கள். கசங்கி, கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. பினியனை இறுக்கும் கிரப் ஸ்க்ரூ, ஷாஃப்ட்டின் தட்டையான பக்கத்தில் உட்காரவேண்டும். ஸ்க்ரூ தளராமல் இருக்க நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு. இறங்கும்போது மட்டும் 'டக் டக்' என்று கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஸ்க்ரூவை.

கடைசியாக ஓர் உள்ளூர்த் தொல்லை. சேலத்து மேக்னசைட் வெள்ளைத் தூசி ஊதினால் போய்விடும். பெயரைக் கேட்டு மிரளவேண்டாம், அதில் காந்தத்துக்கு வேலையில்லை. கஞ்சமலைப் பக்கம் ஓட்டினால் கதை வேறு. அங்கே இருப்பது மேக்னடைட் இரும்புக்கல். அதன் கருமணல் காற்றோட்டத் துளை வழியே புகுந்து மோட்டாரின் காந்தத்தில் மீசைபோல ஒட்டிக்கொள்ளும், சுழலும் சுருளான ஆர்மெச்சரைச் சுரண்டும். காற்றடித்தால் வராது. மோட்டாரைப் பிரித்து, செல்லோடேப்பை விரலில் தலைகீழாகச் சுற்றி, காந்தத்தில் ஒற்றி ஒற்றித்தான் எடுக்கவேண்டும். அங்கே அடிக்கடி ஓட்டுகிறவர்கள் துளையில்லாத மூடிய டப்பா மோட்டார் வாங்குவது நல்லது.