மொறிஸ் மைனருக்குக் காபரேற்றரா, இன்ஜெக்ஷனா?

90களில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் (பெற்றோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பெற்றோல் குளிர்ந்த எஞ்சினிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயின் பெரும்பகுதி 150 பாகை செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கும். ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவையை நெருக்கும் அளவு) குறைவு என்பதால், எரிபொருள் தானாக வெடித்து எஞ்சின் தட்டினாலும் தாக்குப்பிடித்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங் வழியே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கியதுதான் அதற்குக் கொடுத்த விலை. காபரேற்றர் இவ்வளவுக்கும் இடங்கொடுத்தது, அது காற்றின் அமுக்க வித்தியாசம் ஒன்றை மட்டுமே நம்பி வேலைசெய்வதால்.

அது அளக்கும் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மைனர் 1000இன் 948 கன சென்றிமீற்றர் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 237. முழுதாக நிரம்பினால் உள்ளே ஏறக்குறைய 0.28 கிராம் காற்று. நிறைப்படி 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்றால், ஒரு தடவைக்கு 0.019 கிராம் போதும். தண்ணீர்த் துளி ஒன்றில் பாதி! நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இதை விநாடிக்கு 33 தடவை கொடுக்க வேண்டும்.

மைனரின் எஸ்யூ காபரேற்றரில் இந்த வேலையைச் செய்வது ஒரு பித்தளை ஜெற்றும் (பெற்றோல் வரும் சிறு துளைக்குழாய்) அதற்குள் இறங்கும் ஊசியும்தான். எஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுத்தால் மணிபோன்ற கூட்டுக்குள் இருக்கும் பிஸ்ரன் மேலே எழும். ஊசியும் கூடவே எழும். ஊசி மேலே தடித்துக் கீழே மெலிந்தது. ஆகவே அது உயர உயர ஜெற்றைச் சுற்றியுள்ள இடைவெளி அகன்று பெற்றோல் கூடுகிறது. பிஸ்ரன் தண்டுக்குள் விடும் எஸ்ஏஈ 20 ஒயில் அந்த எழுச்சியை நிதானப்படுத்தும். ஒயில் வற்றினால் அக்சிலரேற்றரை மிதித்தவுடன் பிஸ்ரன் துள்ளி எழுந்து, காற்று-பெற்றோல் கலவை நொடிநேரம் மெலிந்து (பெற்றோல் குறைந்து), கார் ஒருமுறை இழுத்துத் தயங்கும். கராச்சுக்கு வரும் பாதி முறைப்பாடுகளுக்கு ஒரு கரண்டி ஒயில்தான் மருந்து.

கலவை சரியா என்று பார்க்க, எஞ்சின் நன்றாகச் சூடான பின் காபரேற்றரின் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். விழுந்து அணையப் பார்த்தால் குறைவு. சற்றுக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெற்றின் அடி நட்டை மேலே ஏற்றினால் கலவை மெலியும், கீழே இறக்கினால் தடிக்கும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் மட்டும் திருப்புங்கள்.

திருப்பியும் சரிவராவிட்டால் பெரும்பாலும் காற்றுவழியைத் திறந்து மூடும் திரொட்டில் தண்டு தேய்ந்திருக்கும். தேய்ந்த ஓட்டையால் திருட்டுக்காற்று புகும், ஐடிலிங்கில் (அக்சிலரேற்றரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) கலவை மெலிந்து எஞ்சின் குலுங்கும். அதை மறைக்க ஜெற்றை இறக்கினால் ஓட்டத்தில் பிளக் கரிபிடிக்கும். தண்டு, புஷ், ஊசி, ஜெற் ஆகியவற்றை மாற்றுவது, பெற்றோலைக் கணினி அளந்து பீச்சும் இன்ஜெக்ஷன் முறையைவிட மிகவும் மலிவு. முதலில் அதைச் செய்யுங்கள்.

இன்ஜெக்ஷனில் பெற்றோலைத் தள்ளுவது பம்பு. காற்றின் அமுக்கம், எஞ்சின் சூடு, சுழற்சி ஆகியவற்றைச் சென்சர்கள் சொல்ல, இன்ஜெக்டர் எத்தனை மில்லிவிநாடி திறக்க வேண்டும் என்று கணினிப் பெட்டி முடிவெடுக்கும்; சைலன்சர் குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சர் பிழையைத் திருத்தும். இதன் அருமை மலையில் தெரியும். 1868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் காற்றமுக்கம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. யாழ்ப்பாணத்தில் சரிசெய்த காபரேற்றர் அங்கே கலவையைத் தடிப்பாக்கிப் புகைவிடும். கணினிப் பெட்டி தானாகவே குறைத்துக்கொள்ளும்.

மைனரின் ஏ சீரிஸ் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே உள்வழி. நான்கு இன்ஜெக்டர் வைத்தால் ஒரு சிலிண்டருக்கான பெற்றோலைப் பக்கத்துச் சிலிண்டர் இழுத்துவிடும். காபரேற்றர் இருந்த இடத்தில் ஒற்றை இன்ஜெக்டர் கொண்ட திரொட்டில் பொடி (காற்றுவழிக் கூடு) வைப்பதே உகந்த வழி. 1991இல் மினி காருக்கு இதே எஞ்சின் குடும்பத்தில் அப்படித்தான் கொடுத்தார்கள், ஏறக்குறைய 1 பார் அமுக்கத்தில்.

மினுக்கமான பெட்டியை வாங்குவதற்குமுன் மின்சாரத்தைப் பாருங்கள். மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் முனை காரின் பொடியில் (உலோக உடலில்) இணைந்திருக்கும். கணினிப் பெட்டிக்கு நெகற்றிவ் முனை அங்கே இருக்க வேண்டும். பழைய டைனமோ ஐடிலிங்கில் சார்ஜ் தராது, பம்போ எந்நேரமும் அம்பியர்களை உறிஞ்சும். இரவில் ஹெட்லைற் போட்டு நெரிசலில் நின்றால் வோல்ற்றளவு விழும், இன்ஜெக்டர் தாமதித்துத் திறக்கும், கலவை மெலியும். ஐடிலிங்கிலும் சார்ஜ் தரும் அல்ரனேற்றர் போடாமல் தொடங்கவே வேண்டாம். பழைய தாங்கியின் துருவுக்கு நுண்ணிய பில்ற்றர் வேண்டும், அமுக்கம் தாங்கும் ஹோஸ் வேண்டும். காபரேற்றர் ஹோஸ் வெடித்தால் சூடான எஞ்சினில் பெற்றோல் பீச்சும். எஞ்சின் நின்றதும் பம்பை நிறுத்தும் ரிலேயும் கட்டாயம்.

கடைசியாக எங்கள் உப்புக்காற்று. நிலவயர் (ஏர்த் வயர்) இணைப்பு பச்சை பூத்தால் சென்சரின் சொல் பிழைக்கும், எஞ்சின் காரணமில்லாமல் தடுமாறும். பொடியில் பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றிப் பாருங்கள்.