இன்ஸ்டலேஷன்: பூட்டியதா, தாபித்ததா, நிறுவியதா?

கிளிநொச்சியில் விடியப்புறம் ரயில் ஏறி, கொழும்பில் பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடி அலுவலை முடித்துக்கொண்டு, மிச்சமிருந்த பின்னேரத்தில் ஒரு சமகாலக் கலைக் கண்காட்சிக்குப் போனோம். முதல் அறையில் சுவர் நிறைய ஓவியங்கள். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று நின்று பார்த்தார். இரண்டாவது அறையில் சுவர் வெறுமையாக இருந்தது. தரையில் துருப்பிடித்த கூரைத்தகரங்கள், அவற்றின்மேல் நெளிந்த அலுமினியப் பானைகள், ஒரு மூலையில் சீலையில் கட்டிய மூட்டைகள், மேலே ஒரேயொரு மங்கல் பல்ப்.

"இதை இன்னும் அடுக்கி முடிக்கேல்லையோ தம்பி?" என்று அங்கே நின்ற இளைஞரிடம் கேட்டார்.

"முடிஞ்சுது அம்மா. இது இன்ஸ்டலேஷன்."

"என்னத்தைப் பூட்டினவை?"

வீட்டுக்கு சோலார் பூட்ட வந்த பெடியள் வாய்க்கு வாய் இன்ஸ்டலேஷன் என்று சொல்லியதில் அந்தச் சொல் அவருக்குப் பழக்கம். எங்கள் பக்கத்தில் ஃபேன் பூட்டுவோம், கிணற்றுக்கு மோட்டர் பூட்டுவோம், வாசலில் கமரா பூட்டுவோம். அந்த அறையிலோ பூட்டிய மாதிரி எதுவும் இல்லை. சரி, பெயர் அட்டையைப் பார்ப்போம் என்று போனால், தமிழ் வரியில் 'தாபனம்' என்று இருந்தது. பெரியம்மா வாசித்துவிட்டு, "தாபனம் எண்டால் கந்தோர் எல்லோ?" என்றார்.

இரண்டு கேள்விக்கும் அங்கே என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. திரும்பி வரும்போது வவுனியா தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தேடியதையும் நினைத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

கலையில் இன்ஸ்டலேஷன் என்பது, ஒரு இடத்தை முழுதாக எடுத்துக்கொண்டு பொருட்களையும் வெளிச்சத்தையும் சில வேளை ஒலியையும் மணத்தையும் கொண்டு அமைக்கும் படைப்பு. அங்கே வைத்திருக்கும் பானையை மட்டும் தனியாக எடுத்தால் அது பானைதான். பானைக்கும் தகரத்துக்கும் இடையில் உள்ள வெறும் தரை, பல்ப் தொங்கும் உயரம், நாம் நடந்து போகும் வழி எல்லாம் சேர்ந்துதான் படைப்பு. ஓவியத்துக்கு முன்னால் நிற்கிறோம். சிலையைச் சுற்றி வருகிறோம். இதற்கு உள்ளே போகிறோம். பெயர் அட்டையில் நீளம், அகலம் போட வேண்டிய இடத்தில் பல நேரம் 'அளவு மாறுபடும்' என்று எழுதியிருப்பார்கள். அலட்சியத்தில் அப்படி எழுதுவதில்லை. இன்னொரு அறைக்குப் போனால் அதே பொருட்கள் வேறு இடைவெளியில், வேறு உயரத்தில் அமையும் என்று சொல்கிறார்கள். கண்காட்சி முடிந்ததும் பெரும்பாலும் பிரித்துவிடுவார்கள். மிஞ்சுவது படங்களும், மறுபடி எப்படி அமைப்பது என்ற குறிப்பும்தான்.

சொல்லின் பிறப்பு எனக்குப் பிடித்த பகுதி. இடைக்கால லத்தீனில் 'ஸ்டாலும்' என்றால் ஒருவருக்கென்று உள்ள இருக்கை, நிற்குமிடம். ஜெர்மானிய மொழிகளிலிருந்து அங்கே போன சொல் அது. பழைய ஆங்கிலத்தில் அதன் உறவுச் சொல்லுக்கு நிற்குமிடம் என்றும் மாட்டுத் தொழுவம் என்றும் பொருள் இருந்தது. திருவிழாவில் வளையல் விற்கும் ஸ்டால், புத்தகச் சந்தை ஸ்டால் எல்லாம் அந்தக் குடும்பம்தான். தேவாலயத்தில் குருமாருக்கென்று ஒதுக்கிய இருக்கைக்கும் அதே பெயர். புதிதாகப் பதவி ஏற்பவரைச் சடங்கோடு அந்த இருக்கையில் அமர்த்துவதே முதன்முதலில் இன்ஸ்டலேஷன். ஒருவரை அவருக்குரிய இடத்தில் வைப்பது என்பதுதான் அடிப்படைப் பொருள். இயந்திரத்தை அதன் இடத்தில் பொருத்துவது, படைமுகாம் அமைப்பது, கணினியில் மென்பொருள் ஏற்றுவது எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

கலைக்குள் இது இரண்டு படியாக நுழைந்தது. முதலில், ஓவியங்களை எந்த ஒழுங்கில் எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்பதைக் குறிக்க. ஏறத்தாழ 1960களுக்குப் பிறகுதான் அந்த அமைப்பே படைப்பாக நிற்கும் கலைக்கு அது பெயரானது. அதற்குச் சற்று முன், 1950களின் கடைசியில், அமெரிக்கரான அலன் கப்ரோ தன்னுடைய அறை நிறைந்த படைப்புகளைச் 'சூழல்' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்.

பெயர் வரும் முன்பே வேலை நடந்திருக்கிறது. 1938இல் பாரிஸில், கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிசக் குழுவின் கண்காட்சியில், பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் கூரையிலிருந்து 1200 கரிச்சாக்குகளைத் தொங்கவிட்டார். அறை இருட்டு, பார்வையாளர் டோர்ச் அடித்துத்தான் படங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. தலைக்கு மேல் சாக்கு, கையில் டோர்ச் என்றதும் வன்னியில் பதுங்குகுழிக்குள் இரவு கழித்தவர்களுக்கு உடம்பு சொல்லும், அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று. குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மன் கலைஞர் ஹனோவரில் தன் வீட்டு அறைகளையே வருடக்கணக்காகப் பலகையும் சாந்துமாக வளர்த்து ஒரு படைப்பாக்கினார். 1943இல் குண்டு விழுந்து அது அழிந்துபோனது. படங்களில்தான் இப்போது இருக்கிறது. வீடு ஒன்று படத்தில் மட்டும் மிஞ்சுவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இலங்கையிலும் இந்தக் கலை போரோடு சேர்ந்தே வளர்ந்தது. சோதனைச்சாவடிகளில் வீதியை மறித்து நின்ற தார்ப் பீப்பாய்களை 1997இல் கலைஞர் சந்திரகுப்த தேனுவர கண்காட்சிக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். அந்தப் போக்குக்கு 'பீப்பாயியம்' என்று சொல்லும்படி ஒரு பெயரும் வைத்தார். 2002இல் ஏ9 வீதி திறந்தபின் ஓமந்தை, முகமாலைச் சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்றவர்களுக்குப் பீப்பாய் வெறும் பீப்பாயாக இருந்ததில்லை. 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், எரிந்து மீண்ட அதே கட்டிடத்தில், கலைஞர் தா. சனாதனன் யாழ்ப்பாண வீடுகளிலிருந்து சேகரித்த பொருட்களை வைத்து ஒரு படைப்பு அமைத்தார். வீட்டு மூலையில் கிடந்த பொருளுக்கு நூலகத்தில் ஒரு இருக்கை கிடைத்தது. லத்தீன் சொல்லின் அடிப்படைப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனித் தமிழுக்கு வருவோம்.

'தாபனக் கலை' என்ற வழக்கு எங்கள் நாட்டில் உண்டு. ஸ்தாபனம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் அது. கோயிலில் மூர்த்தியைத் தாபித்தல் என்ற பழைய பொருளை வைத்துப் பார்த்தால் பிழையே இல்லை. இருக்கையில் அமர்த்தும் சடங்கோடு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் சொல்லுக்கு அகராதிப் பொருள் மட்டும் போதாது, கேட்பவர் காதில் என்ன விழுகிறது என்பதும் வேண்டும். அரச உத்தியோகத்தரைத் தாபன விதிக்கோவை ஆளும் நாட்டில் தாபனம் என்றால் பெரியம்மாவுக்குக் கந்தோர் நினைவுக்கு வருவது நியாயம்தான். 'நிர்மாணக் கலை' என்றால் கட்டிட வேலை. 'அமைப்பு' என்றால் சங்கம். 'சோடனை' நல்ல ஊர்ச்சொல், பந்தலுக்கும் வாகனத்துக்கும் பொருந்தும். ஆனால் அழகுபடுத்தல் என்ற எல்லையைத் தாண்டாது. நெளிந்த பானைகளை யாரும் சோடித்து வைக்கவில்லை.

என் தெரிவு 'நிறுவல்'. வகையைச் சொல்லும்போது நிறுவற்கலை.

நில் என்ற வேரிலிருந்து நிறு, நிறுத்து, நிறுவு என்று கிளைக்கிறது. நிற்கச் செய்வது என்பது முதற்பொருள். கணினியில் மென்பொருளை நிறுவுகிறோம் என்று இப்போது எழுதுகிறோம். ஆக, அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இது ஏற்கெனவே பாதி வழி பழகிவிட்ட சொல். நிறுவனம் என்ற கொம்பனிச் சொல்லும் இந்த வேரில் வந்ததுதானே, அதுவும் கந்தோரைத்தானே நினைவூட்டும் என்று ஒருவர் கேட்கலாம். நிறுவனம் வேறு வடிவமாகப் பிரிந்து போய்விட்டது. நிறுவல் என்று எழுதும்போது செயல்தான் முன்னால் நிற்கிறது, கட்டிடம் நிற்பதில்லை.

இந்தச் சொல்லில் இன்னும் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்காகவே இதை விட எனக்கு மனமில்லை. நிறுப்பது என்றால் எடை பார்ப்பது. போக அறுவடையில் "நெல்லு நிறுத்தாச்சோ?" என்று கேட்காத வீடு வன்னியில் இல்லை. இரண்டாவது, கணிதப் புத்தகத்தில் வரும் 'நிறுவுக'. இரண்டு கோணங்கள் சமமென நிறுவுக, இரண்டு கோடுகள் சமாந்தரமென நிறுவுக என்று சாதாரண தரம் வரை எழுதி எழுதிக் கை நொந்தவர்கள் நாங்கள். தமிழ்நாட்டில் அந்த இடத்தில் நிரூபி என்றும் சொல்வார்கள். எங்களுக்கு நிறுவுவது என்றால் உண்மையென்று காட்டுவது.

ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் நிற்கச் செய்வது, அதன் எடையைப் பார்ப்பவருக்கு உணர்த்துவது, இது இருந்தது என்று காட்டுவது: அந்த அறையில் தகரமும் பானையும் செய்தவை இந்த மூன்றும்தான். ஆங்கிலச் சொல்லில் முதலாவது மட்டுமே உண்டு.

இந்தச் செயல் எங்களுக்குப் புதிதும் இல்லை. போரில் வீழ்ந்த வீரருக்கு நடும் நினைவுக்கல்லான நடுகல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதுதான் காட்சி. பிறகு அதைக் கொண்டுவரத் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்த வேண்டும். இன்றைய நிறுவற் கலைஞரும் பொருளைத் தேடிக் காண்பதில்தான் தொடங்குகிறார். கண்காட்சி என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சியும் ஞாபகம் வரும். இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கண்ணகிக்குக் கோயில் எடுத்த கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்று காதைகளுக்கே அந்தப் பெயர்கள். அந்தக் கண்ணகிதான் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கோயிலில் இருக்கிறாள். வைகாசிப் பொங்கலுக்குக் கடலில் தீர்த்தமெடுத்து, உப்புநீரில் விளக்கெரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தண்ணீரும் திரியும் மண்பாத்திரமும் ஓரிடத்தில் சேர்ந்தால் வேறொன்றாகும் என்பது தெரிந்த விஷயம். அதைக் கலைப்படைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அது வழிபாடு, அதன் இடம் வேறு. ஆனால் அதைப் பார்க்கப் பழகிய கண் நிறுவலையும் பார்க்கும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வைத்ததெல்லாம் நிறுவல் ஆகாது. போருக்குப் பிறகு கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்தார்கள். விழுந்தபோது அது இடிபாடு. அப்புறப்படுத்தாமல், பலகை வைத்து, பார்க்க வரச் சொன்னபோது அது நினைவுச்சின்னமாக்கப்பட்டது. நினைவுச்சின்னம் ஒரு கதையைத்தான் சொல்லும், அதுவும் அதை வைத்தவருடைய கதை. நிறுவலில் நடப்பவருக்கு இடம் விட்டிருக்கும். உள்ளே போய் எங்கே நிற்பது, எதை முதலில் பார்ப்பது என்பதை அவரே தீர்மானிப்பார்.

வழக்கில் எப்படி எழுதுவது? 'இந்த அறையில் ஒரு நிறுவல் உள்ளது', 'பானைகளைக் கொண்டு நிறுவியிருக்கிறார்' என்று எழுதலாம். ஓவியங்களைச் சுவரில் மாட்டி ஒழுங்கு செய்வதைக் காட்சிப்படுத்தல் என்றே விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் கிடந்து குழம்பும் இரண்டும் தமிழில் தனித்தனியாகப் பிரிந்துவிடும். செய்தவரை நிறுவுநர் என்றால் கொம்பனி தொடங்கியவர் ஆகிவிடுவார். கலைஞர் என்பதே போதும். பெயர் அட்டையில் ஒரு வரி கூட்டி, 'உள்ளே நடந்து பார்க்கலாம்' அல்லது 'தொட வேண்டாம்' என்றும் எழுதினால் முதல்முறை வருபவருக்குப் பேருதவி.

வீட்டுக்கு வந்த மறுநாள் பெரியம்மாவிடம் நிறுவல் என்ற சொல்லைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சுளகில் அரிசி கொழித்தார். "அந்தப் பானையில ஒண்டு, எங்கட ஆனந்தபுரத்தில விட்டிட்டு வந்த பானை மாதிரி. வாய்விளிம்பு அப்பிடித்தான் நெளிஞ்சிருந்தது" என்றார். பிறகு, அந்தக் கண்காட்சி எத்தனையாம் திகதி வரை என்று கேட்டார்.