240 செல்களில் ஒன்று சோர்ந்தால்

பழைய லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார்) விலைக்கு வருகிறது, ஆனால் ஹைப்ரிட் பேட்டரி எட்டு வருடத்தில் செத்துவிடுமாமே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் இதன் ஹைப்ரிட் பாகங்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் இருந்தது. உத்தரவாதத்தை ஆயுட்காலமாகப் படித்ததில் பிறந்த பயம் இது என்பது என் கணிப்பு. அந்த வண்டிகளின் பேட்டரி நாள் பார்த்துச் சாவதில்லை. சாகும் விதமே வேறு.

பின்சீட்டுக்கு அடியில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 1.2 வோல்ட் செல்கள் எட்டு சேர்ந்தது ஒரு மாட்யூல், அதாவது 9.6 வோல்ட். அப்படி 30 மாட்யூல்கள் தொடரிணைப்பில் சேர்ந்து 288 வோல்ட். தொடரிணைப்பு என்பதால் 240 செல்களிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் பாயும். பலவீனமான செல்லுக்கு மட்டும் சலுகை கிடையாது.

கொள்ளளவு குறைந்த செல் மற்றவற்றுக்கு முன்பே காலியாகிவிடும். மீதி 239-ம் தள்ளும் மின்னோட்டம் அப்போதும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். விளைவு, அந்தச் செல்லின் துருவம் தலைகீழாகும்; உள்ளே ஹைட்ரஜன் வாயு சேரும்; அழுத்தம் மிஞ்சினால் பாதுகாப்பு வால்வு திறந்து வாயு வெளியேறும். வாயுவாகப் போவது செல்லுக்குள் இருக்கும் மின்பகுளி என்ற திரவத்தின் நீர்தான். ஈரம் குறையக் குறைய மின்தடை ஏறும், தடை ஏறினால் சூடு, சூட்டில் கொள்ளளவு இன்னும் சுருங்கும். நடுவில் இருக்கும் மாட்யூல்களுக்கு இருபுறமும் சூடான அண்டை வீடுகள். அதனால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் ஆரம்பிக்கும். இதைத் தடுக்கத்தான் கணினி பேட்டரியை முழுதாக நிரப்புவதும் இல்லை, அடிவரை காலி செய்வதும் இல்லை. ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருக்கும். ஆனால் கணினி பார்ப்பது பல செல்கள் சேர்ந்த ஒவ்வொரு தொகுப்பின் வோல்ட்டேஜை. தனிச் செல்லின் அவஸ்தை அதற்குத் தாமதமாகத்தான் தெரியும்.

ஆகவே நிறுத்திய வண்டியில் வோல்ட்டேஜ் பார்ப்பது வீண். ஓய்வில் நல்ல செல்லும் நோயாளிச் செல்லும் கிட்டத்தட்ட ஒரே எண்ணையே காட்டும். மின்னோட்டம் ஓடும்போதுதான் குட்டு உடையும்: 10 மில்லிஓம் கூடுதல் தடை, 100 ஆம்பியர் மின்னோட்டம் என்றால் ஓம் விதிப்படி அந்தத் தொகுப்பு ஒரு வோல்ட் சரியும். ஓபிடி ரீடரை (வண்டியின் கணினி தரும் தகவல்களைப் படிக்கும் கருவி) மாட்டி, தொகுப்பு வோல்ட்டேஜ்களைத் திரையில் வைத்து, வண்டி நன்றாகச் சூடேறிய பின் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். ரீடரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். மிகக்கூடியதற்கும் மிகக்குறைந்ததற்கும் ஒரு வோல்ட்டைத் தாண்டிய இடைவெளி, அதுவும் எப்போதும் அதே தொகுப்பில் வந்தால், வாங்காதீர்கள். ஹைப்ரிட் பேட்டரி பழுது என்று கணினி பதியும் பி0ஏ80 என்ற பிழைக்குறியீடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தச் சோதனைக்கு முன், வண்டியில் தனியாக இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரியையும் சோதியுங்கள். அது இளைத்துப்போனால் பொய் எச்சரிக்கைகள் வரிசை கட்டும்.

ஒரு மாட்யூலை மட்டும் மாற்றி ‘சரி செய்த’ பேட்டரி எனக்கு உவப்பில்லை. புதியதின் கொள்ளளவு அதிகம், அடுத்த பலவீனன் கொஞ்ச நாளில் தலைகாட்டுவான்.

பின்சீட்டுக்கு அடியில் உள்ள காற்று நுழைவாயிலில் கையை வைத்துப் பாருங்கள். பேட்டரி விசிறி இழுப்பது வண்டிக்குள் இருக்கும் காற்றை. தூசியும் நாய் முடியும் அடைத்தால், மேலே சொன்ன சூட்டுச் சங்கிலி சீக்கிரமே தொடங்கிவிடும். உயர்மின்னழுத்த ஆரஞ்சு நிறக் கேபிள்களை மட்டும் தொடாதீர்கள். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பின்பும் மின்தேக்கிகள் வடிய 10 நிமிடம் வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. 2006, 2007 மாடல்களின் இன்வெர்ட்டரில் (பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கான மாறுமின்சாரமாக்கும் கருவி) டிரான்சிஸ்டர்களின் சால்டரிங் பலவீனம் என்று 2011-ல் ரீகால் அறிவிக்கப்பட்டது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து, வேலை முடிந்ததா என்று கேளுங்கள். இன்வெர்ட்டருக்குத் தனிக் குளிர்விப்புச் சுற்று உண்டு. வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியும்போது அதன் தொட்டியில் கூலன்ட் அசைய வேண்டும். பிரேக்கை ஒன்றிரண்டு முறை மிதித்தாலே பம்ப் மறுபடி மறுபடி முனகினால் பிரேக்குக்கான அழுத்தத்தைச் சேமிக்கும் தேக்கியில் கோளாறு, செலவு பெரிது. 3.3 லிட்டர் எஞ்சினில் இருப்பது சங்கிலி அல்ல, டைமிங் பெல்ட். 90,000 மைலில், அதாவது சுமார் 1.45 லட்சம் கிலோமீட்டரில், மாற்றிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.