நாமினி கேட்டு வரும்போது கோப்பு கையில் வர வேண்டும்

சேலத்தில் சிறு இன்சூரன்ஸ் அலுவலகம் நடத்தும் நண்பர்கள், அலமாரியைக் காலி செய்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஸ்கேனரை வாங்குவதற்கு முன், யாருடைய பாலிசி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று காட்டும் அட்டவணையை யோசியுங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து தறிக்காரர் ஒருவரின் மனைவி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் இறந்துவிட்டார். பாலிசி எண் தெரியாது. "வருஷா வருஷம் உங்ககிட்டதான் கட்டுவாருங்க" என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். கணினியில் 'ஸ்கேன் 47', 'ஸ்கேன் 48' என்று கோப்புகள் வரிசையாகக் கிடந்தால் அவருக்கு என்ன பயன்? பாலிசிதாரர் பெயரோடு நாமினி பெயர், கைபேசி எண், முடிவுத் தேதி எல்லாம் ஒரு எக்செல் தாளிலாவது இருக்க வேண்டும். நாமினி பெயரை அட்டவணையில் சேர்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். க்ளெய்முக்கு வந்து நிற்பவரே அவர்தான்! இனிஷியல் ஆதாரில் பின்னால் இருக்கலாம், பாலிசியில் முன்னால் இருக்கலாம். இரண்டையும் எழுதி வையுங்கள். லாரிக்காரர்களுக்கு வண்டி எண்தான் முகவரி, அதையும் அட்டவணையில் சேருங்கள்.

எதை முதலில் ஸ்கேன் செய்வது? வழவழப்பான தெர்மல் தாளில் அச்சான பிரீமியம் ரசீதுகளை. அந்த எழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கிப்போகும், நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். அடுத்து, பாலிசி எடுக்கும்போது நிரப்பிக் கொடுக்கும் முன்மொழிவுப் படிவம், அதாவது ப்ரொபோசல். ஆயுள் காப்பீட்டில் 3 ஆண்டுகள் கடந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு. அதற்குள் மரணம் நேர்ந்தால், நோயைப் பற்றிப் படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்பதே பெரிய கேள்வி. அதனால் ஒரு பக்கம்கூட விடாமல், 300 டிபிஐ தரத்தில், கையெழுத்து தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். கைபேசியில் சாய்வாக எடுத்த படம் போதாது.

ஸ்கேன் ஆகிவிட்டதே என்று அசல் பாண்டை, அதாவது பாலிசிப் பத்திரத்தை, கிழித்துப் போடாதீர்கள். அது வாடிக்கையாளரின் சொத்து. பாலிசி மேல் கடன் வாங்க அசலைக் கேட்பார்கள். தொலைந்துபோனால் நகல் பாண்டுக்காக அவர்தான் அலைய வேண்டியிருக்கும். நம்மிடம் இருக்கும் அசல்களைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை. புதிய பாலிசிகளைக் காகிதமில்லாமல் மின் காப்பீட்டுக் கணக்கில் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. கேட்டால் திறந்து கொடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வாட்ஸ்அப்தான். ஆதார், பான், மருத்துவ அறிக்கை எல்லாம் ஊழியரின் சொந்த கைபேசியில் தங்கிவிடுகின்றன. அவர் வேலையை விட்டால் அவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. வந்த கோப்பை அலுவலகக் கணினிக்கு மாற்றியதும் கைபேசியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். எண் முழுதும் தேவைப்படாத இடங்களில் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதாரை வாங்குங்கள்.

அப்புறம், பழைய கட்டுகளை ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். இன்று வரும் காகிதத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு பாலிசியும் புதுப்பிக்க வரும்போது அதன் பழைய கோப்பை எடுத்து ஸ்கேன் செய்தால், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வாகன, மருத்துவ பாலிசிகள் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். காலாவதியானவை கடைசியில் வரட்டும்.