கொழுப்பு உறைதான் வைரஸின் பலவீனம்

மேலே ஓர் உறை கூடுதலாகப் போர்த்தியிருக்கும் வைரஸை ஒழிப்பதுதான் கடினம் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. கொரோனா, இன்ஃப்ளூயன்சா, எச்.ஐ.வி. ஆகியவற்றின் வெளியுறை கொழுப்பால் ஆனது. வைரஸ் அதைத் தானாக உருவாக்குவதில்லை. தான் பெருகிய செல்லின் சவ்விலிருந்து கிள்ளிக்கொண்டு வருகிறது. அடுத்த செல்லுக்குள் நுழைய உதவும் புரத முட்கள் அந்த உறையில்தான் பதிந்திருக்கின்றன. உறை கலைந்தால் முட்களும் போச்சு, தொற்றும் திறனும் போச்சு.

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் முனைகள் உறைக்குள் செருகிக்கொண்டு அதைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுகின்றன. ஆல்கஹால் உறையைக் குலைப்பதோடு புரதங்களின் மடிப்பையும் அவிழ்க்கிறது. இந்த இரண்டாவது வேலைக்குக் கொஞ்சம் நீரும் வேண்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வகுத்த சானிடைசர் கலவையில் எத்தனால் 80 சதவீதம்தான். நீரே இல்லாத ஆல்கஹால் அந்த அளவுக்கு வேலை செய்யாது, சீக்கிரம் ஆவியாகியும் விடும்.

சரி, உறையே இல்லாத வைரஸ்? வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ், போலியோ, ஹெபடைட்டிஸ் ஏ எல்லாம் இந்த வகை. இறுக்கமான புரத ஓடு மட்டும்தான்; கரைக்கக் கொழுப்பே கிடையாது. வயிற்று அமிலத்தையே தாண்டிப் போகிறவை இவை. நோரோ பரவும் நேரத்தில் சானிடைசரை மட்டும் நம்புவது ஆபத்து. சோப்பு போட்டுத் தேய்த்து ஓடும் நீரில் கழுவியே ஆக வேண்டும். இங்கே சோப்பு வைரஸைச் சிதைப்பதில்லை, தோலிலிருந்து பெயர்த்து நீரோடு அனுப்பிவிடுகிறது.

தரைக்கும் மேசைக்கும் ப்ளீச். அதிலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் நீரில் ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தருகிறது. அது புரத ஓட்டை ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கும், உள்ளே இருக்கும் மரபுப் பொருளையும் விட்டுவைக்காது. ஆனால் அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. ரத்தமோ வாந்தியோ கிடந்தால் அதோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் சாதாரணப் பரப்புகளுக்கு 0.1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலையும், ரத்தம் அதிகமாகச் சிந்திய இடங்களுக்கு 0.5 சதவீதக் கரைசலையும் பரிந்துரைத்தது. எனவே முதலில் அழுக்கை அகற்றுங்கள், அப்புறம் ப்ளீச். தெளித்த கையோடு துடைத்தெடுப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. வினை முடிய, புட்டியில் அச்சிட்டிருக்கும் நேரம்வரை பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும்.

வேகம் கூடும் என்று ப்ளீச்சோடு அமிலக் கழிப்பறைத் திரவத்தைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்தால் குளோரமின். இரண்டுமே நுரையீரலைத் தாக்குபவை.