டிமென்ஷியா: மறதி என்று சொன்னால் போதுமா?

ஒரு நாள் காலை பெரியம்மா காபி பில்டரின் இரண்டு பாகங்களையும் இரு கைகளில் பிடித்தபடி அடுப்படியில் நின்றிருந்தார். 45 வருடம் தினமும் டிகாக்‌ஷன் போட்ட கை. தூள் டப்பா இருக்கும் இடம் தெரிந்தது, பால் பொங்கப்போவதும் தெரிந்தது. எது மேலே, எது கீழே என்பதுதான் பிடிபடவில்லை. கடைசியில் கீழ்ப் பாத்திரத்திலேயே தூளைப் போட்டு, வெந்நீரை ஊற்றி மூடிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்றோம் வீட்டில் எல்லோரும். நானும்தான் சொன்னேன். அவரை டாக்டரிடம் அழைத்துப்போக அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஆனது.

அந்த ஒன்றரை வருடத்தைத் தின்றது 'மறதி' என்ற சொல்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நினைவு, மொழி, நிதானம் என்று அறியும் திறன்கள் நோயால் படிப்படியாகக் குறைவதற்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் டிமென்ஷியா. அது லத்தீனிலிருந்து வந்த சொல். 'டே' என்றால் நீங்குதல், 'மென்ஸ்' என்றால் மனம். 'டேமென்ஸ்' என்பது மனம் நீங்கியவர். பழைய ரோமில் அது கிட்டத்தட்ட ஒரு வசவு. நம் தெருவில் ஒருவரை 'மென்டல்' என்று வைகிறார்களே, அதுவும் இதே 'மென்ஸ்' வழி வந்ததுதான். சமஸ்கிருதத்தின் 'மனஸ்' இதற்குத் தூரத்து உறவு. நம்முடைய 'மனம்' அந்த 'மனஸ்' வழியாக வந்தது என்பது மொழியியலாளர் பெரும்பாலோர் கருத்து. ஆக, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் டிமென்ஷியா 'மனம் நீங்கல்' என்றாகும். கேட்கவே வலிக்கிறது.

இந்தச் சொல்லுக்கும் முதுமைக்கும் முதலில் தனித் தொடர்பு எதுவும் கிடையாது. பிரான்சில் எந்த வயதில் புத்தி கலங்கினாலும் இதே பெயரைத்தான் வைத்தார்கள். இன்று ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) எனப்படும் நோயைக்கூட ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் 'இளவயது டிமென்ஷியா' என்ற பொருளில்தான் அழைத்தார். 1901இல் பிராங்பர்ட் மருத்துவமனைக்கு வந்த அகுஸ்டே டெட்டருக்கு வயது 51தான். அவரைக் கவனித்தவர் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர். மதிய உணவாகக் காலிஃபிளவரும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுபோனார். "என்னையே தொலைத்துவிட்டேன்" என்ற பொருளில் அவர் சொன்னது அல்சைமரின் குறிப்பில் இருக்கிறது. அகுஸ்டே 1906இல் இறந்த பின் அவருடைய மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் டியூபிங்கன் நகரில் அல்சைமர் உரையாற்றினார். 1910இல் கிரேப்பலின் தன் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமர் பெயரையே சூட்டினார். அல்சைமர், டிமென்ஷியா இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம். டிமென்ஷியா என்பது குடை. அல்சைமர் அதன் கீழ் வரும் நோய்களில் மிகப் பெரியது, 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அதுதான். ரத்தக்குழாய் அடைப்பால் வருவது, நெற்றிப்புற மூளையைத் தாக்குவது என்று இன்னும் பல உண்டு. நெற்றிப்புற வகையில் தொடக்கத்தில் நினைவு நன்றாகவே இருக்கும். சாதுவாக இருந்தவர் கூச்சமில்லாமல் பேசுவார், கைக்காசை வாரி இறைப்பார். இவருக்கு 'மறதி நோய்' என்று பெயர் வைத்தால் வீட்டார் எப்படி நம்புவார்கள்?

தமிழில் என்னென்ன வைத்திருக்கிறோம்? செய்தித்தாள்களில் 'மறதி நோய்', 'முதுமை மறதி', 'ஞாபக மறதி'. பேச்சில் 'புத்தி பேதலிச்சுப் போச்சு', 'சின்னப்பிள்ளை புத்தி வந்துடுச்சு'. யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்தல்' என்பார்கள். அழகான பழஞ்சொல்தான், ஆனால் "உனக்கென்ன அறளை பேந்திட்டுதோ?" என்று இளசுகளையும் திட்டப் பயன்படுவதால் நோயாளி முன்னால் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

'மறதி'யில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழில் மறத்தல் பெரும்பாலும் குற்றம். திருக்குறள் பொச்சாவாமைக்கு, அதாவது மறவாமைக்கு, ஒரு முழு அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. இன்னோரிடத்தில் நெடுநீர் (காலம் தாழ்த்தல்), மறவி, மடி (சோம்பல்), துயில் நான்கையும் கெட்டழியப்போகிறவர் விரும்பி ஏறும் கலம் என்கிறது. இங்கே மறவி என்பது கவனமின்மை, அதாவது மனிதர் முயன்றால் விடக்கூடியது. நோயாளியிடம் "இப்பத்தானே சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று நம் குரல் உயர்கிறதே, அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருப்பது இந்தப் பழைய பொருள்தான். பெரியம்மாவிடம் நான் அப்படிக் குரல் உயர்த்தியிருக்கிறேன்.

'முதுமை மறதி' இதைவிடக் கெடுதல். வயதின் இயல்பு என்று அது தீர்ப்பே எழுதிவிடுகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்தப் பாதிப்பு இருப்பதாக நாடு தழுவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெரும்பாலான முதியவர்களுக்கு இது இல்லை என்பதும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பெயரை மாற்ற முடியாதா? ஜப்பானியர் மாற்றினார்கள். மடமை என்ற பொருள் தொனித்த 'சிஹோ' என்ற சொல்லை 2004இல் அரசே கைவிட்டு, அறிதல் சார்ந்த நிலை என்று பொருள்படும் 'நின்சிஷோ'வைக் கொண்டுவந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 2013இல் தன் கையேட்டில் டிமென்ஷியாவை விட்டு, நரம்பு சார்ந்த அறிதிறன் குறைபாடு என்ற பெயருக்கு மாறியது.

நான் 'அறிதிறன் தேய்வு' என்றே எழுதுகிறேன். அறிதிறன் என்னும்போது நினைவோடு கவனம், மொழி, திசை, கணக்கு, நிதானம், பில்டரை எந்த வரிசையில் மாட்டுவது என்பது எல்லாம் அடங்கிவிடும். எலும்புத் தேய்வு, மூட்டுத் தேய்மானம் என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியதால் 'தேய்வு' புதிதாகத் தோன்றாது. மூட்டு தேய்ந்துவிட்டது என்று சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. வயதானால் தேயத்தானே செய்யும் என்ற நினைப்பை இந்தச் சொல்லும் தூண்டலாம், அது இதன் குறை. ஆனாலும் தேய்வு என்றதும் அடுத்த கேள்வி தானாக வருகிறது: எதனால் தேய்கிறது, எப்படி மெதுவாக்கலாம்? மறதி என்றால் வல்லாரை மாத்திரை வாங்கக் கடைக்குத்தான் ஓடுவோம்.

வல்லாரை நல்ல கீரை. துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். அது அறிதிறன் தேய்வைத் தடுக்கும் என்று சொல்ல மட்டும் போதிய சான்று இல்லை. வைட்டமின் பி, ஈ, மீன் எண்ணெய் மாத்திரைகளையும் இதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி சொல்கிறது. பி12 குறைபாடு உள்ளவர் கதை வேறு. சைவ உணவுக்காரருக்கும், நீரிழிவுக்காக நெடுங்காலம் மெட்ஃபார்மின் எடுப்பவருக்கும் பி12 குறையலாம். அந்தக் குறைவே புத்தி மங்கியதுபோல் காட்டும், தைராய்டு குறைந்தாலும் அப்படித்தான். இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரியும், சிகிச்சையும் உண்டு.

உணவைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். கீரை, பயறு, முழுத்தானியம், கொட்டை வகைகள், மீன் ஆகியவற்றை முன்னிறுத்தும் 'மைண்ட்' உணவுமுறையை 604 பேரிடம் மூன்றாண்டுகள் சோதித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்காகக் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. உணவு தனியாக நின்று மூளையைக் காப்பதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு வழியாகத்தான் அதன் வேலையில் பெரும்பகுதி நடக்கிறது. நம் வீட்டில் அதற்கு நேர் எதிரி உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே இலையில் விழும் நாளில் அந்தக் கணக்கு என்னவாகும்? மத்தி மீன் குழம்பு, கேழ்வரகு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று நம் ஊர்ப் பண்டத்திலேயே நல்ல தட்டு அமைந்துவிடும்.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் இரண்டாண்டு நடந்த ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் ஒரு குழுவுக்குச் சேர்த்தே கொடுத்தது. அந்தக் குழுவின் அறிதிறன் தேர்வு மதிப்பெண் மற்றக் குழுவைவிட 25 சதவீதம் கூடுதலாக முன்னேறியது.

மூளைப் பயிற்சிக்கு வருவோம். இங்கேயும் ஒரு நல்ல சொல் வேண்டும். மூளையில் நோயின் அடையாளங்கள் நிறைய இருந்தும் வாழ்ந்த காலத்தில் தெளிவாகவே இருந்தவர்கள் உண்டு. படிப்பு, வேலை, பேச்சு, மொழி என்று ஆயுள் முழுக்கச் சேர்த்தது தேய்மானத்தை ஈடுகட்டுகிறது. இதை 'அறிதிறன் கையிருப்பு' என்று சொல்லலாம். ஐதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நான்கரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. தினமும் ஒரே சுடோகுவைப் போட்டால் சுடோகுவில்தான் கை தேறும். பக்கத்து வீட்டாரோடு பல்லாங்குழி ஆடினால் கணக்கும் இருக்கிறது, எதிரில் ஒரு மனிதரும் இருக்கிறார். காது கேட்காதவர் அந்தப் பேச்சிலிருந்து மெல்ல விலகிவிடுவார். அதனால்தான் காது மெஷின் இந்த விஷயத்தில் முக்கியமாகிறது.

'தடுப்பு' என்ற சொல்லையும் கொஞ்சம் திருத்த வேண்டும். தடுப்பூசி போலத் தடுப்பு இங்கே இல்லை, 'தள்ளிப்போடுதல்' என்பதே பொருத்தம். 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் கேட்புக்குறை, பார்வைக்குறை, ரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, தனிமை, மனச்சோர்வு, காற்று மாசு உட்பட 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவை எல்லாம் நீங்கினால் டிமென்ஷியா பாதிப்புகளில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. 75 வயதில் வரவேண்டியது 80இல் வந்தால், ஐந்து பொங்கலுக்குத் தன் கையாலேயே கோலம் போடலாம்.

டாக்டரிடம் போகும்போது 'மறதி' என்ற ஒற்றைச் சொல்லோடு போகாதீர்கள். எந்த மாதத்திலிருந்து, எந்தக் காரியம், எந்த இடத்தில் தட்டியது என்று ஒரு தாளில் எழுதிப் போங்கள். "ஞாபகம் கம்மியாயிருக்கு டாக்டர்" என்று நாங்கள் சொன்னபோது அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். பில்டர் விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெரியம்மா பக்கம் நாற்காலியைத் திருப்பி, "காபி எப்படிம்மா போடுவீங்க?" என்று கேட்டார்.